இடப்பக்க நிழல்

ஜனவரி 9

அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முட்டி எப்படி இருக்கிறது? தைலத்தை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் வைத்திருக்கிறேன். மேல்தட்டில் வைத்தால் ஸ்டூல் போட்டு ஏறுவீர்கள், எனக்குத் தெரியும்.

தையல் மிஷின் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு மிஷின் ஓட்டிக் காட்டும் வேலையை நான் ஏன் எடுத்தேன் என்று உங்கள் பைண்டிங் பட்டறையில் யாராவது வாயைக் கிண்டினால், நாலு ஊர் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். பாலத்து ஹோட்டலுக்குப் போர்டு எழுதிவிட்டு வருகிறேன் என்று ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாகக் கிளம்பிய உங்கள் மகன் ஒரு வருஷமாகத் திரும்பவில்லை, அவரைத் தேடத்தான் போயிருக்கிறாள் என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

இந்த மலையூரில் பனி இறங்கினால் தலைக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனால் கடைப் போர்டுகளை இடுப்பு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். இங்கே யாரும் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. "பாக்கலாம்" என்று சிரிக்கிறார்கள். அத்தனை பேரும் மிஷின் வாங்கப் போகிறார்கள் என்று முதல் நாள் நான் மனசு குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, இந்த ஊரில் 'பார்க்கலாம்' என்றால் நடையைக் கட்டு என்று அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டிக் கடைப் போர்டு அவர் எழுதியது! நான் பார்த்த பெயிண்டர்கள் எல்லோரும் எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் தீட்டுவார்கள். நம் பீச்சாங்கைக்காரர் மட்டும்தான் இடப்பக்கம் தீட்டுவார். கடைக்காரர் "ஆமா, பீச்சாங்கைப் பெயிண்டர். போறப்ப ஜங்ஷனுக்கு எப்ப வண்டின்னு விசாரிச்சாரு" என்றார். அடுத்து எந்த ஊர் என்று கம்பெனி என்னையே கேட்கிறது. ரயில் ஜங்ஷன் ஊர் என்று எழுதிக் கொடுக்கட்டுமா?

அண்ணன் மறுபடி கடிதம் போட்டிருக்கிறார். "அவன் வரமாட்டான்னு உறுதியாத் தெரியற அன்னைக்கு நீ நம்ம வீட்டுக்கு வந்துடணும்" என்கிறார். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

உங்கள் மருமகள்

ஜனவரி 17

கண்ணு,

உன் கடிதம் வந்த நாள் பசை காய்ச்சுகிற முறை என்னுடையது. கையெல்லாம் பிசுபிசு என்று இருக்க, மேஸ்திரியைப் பிரித்துத் தரச் சொல்லி, எட்ட நின்று படித்தேன். இந்தத் தாள் கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. நோட்டு வெட்டியதில் விழுந்த துண்டு.

முட்டிக்கு என்ன, அது என்னைவிட முன்கோபக்காரி. உட்கார்ந்தால் எழவிடாது, எழுந்தால் உட்காரவிடாது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மிஷின் காட்டுகிறேன் பேர்வழி என்று வெறும் வயிற்றோடு நிற்காதே.

ஜங்ஷன் வேண்டாம். அவனுக்கு ரயில் சத்தம் ஆகாது, சின்ன வயதிலிருந்தே காதைப் பொத்திக்கொள்வான். ரொட்டிக் கடைக்காரன் வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருப்பான். நம் பட்டறைக்குக் காகிதம் கொண்டுவரும் லாரி டிரைவர், உப்பளப் பக்கத்தில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். உப்புக் காற்றில் போர்டு ஒரு வருஷம் தாங்காதாம், எல்லாக் கடையும் புதிதாக எழுத வேண்டுமாம். பெயிண்டருக்கு அதைவிட என்ன வேண்டும்? நீ அங்கே போ.

உன் அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். சொல்லட்டும்.

உன் அத்தை

பிப்ரவரி 20

அத்தைக்கு,

முட்டிக்காரி எப்படி இருக்கிறாள்? நான் நன்றாக இருக்கிறேன், குரல்தான் போய்விட்டது.

உப்பளத்தில் நாள் முழுக்கக் காற்று. பேசினால் பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இங்கே முன்பின் தெரியாதவர்கள்கூடத் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் பேசுகிறார்கள். முதல் தடவை ஓர் ஆள் என் தோளில் கை வைத்ததும் குடையால் அடிக்கப் போய்விட்டேன். பாவம், தபாலாபீசுக்கு வழி சொல்லத்தான் வந்திருக்கிறார். இப்போது வகுப்பில் ஒவ்வொரு பெண்ணையும் தோளோடு அணைத்துக்கொண்டுதான் பாபினில் நூல் சுற்றச் சொல்லித் தருகிறேன். இந்த ஊரைவிட்டுப் போனால் தள்ளி நின்று பேசுகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரும்போல.

ஆனால் அத்தை, அவருடைய போர்டு ஒன்றுகூட இல்லை. தெருத் தெருவாகப் பார்த்துவிட்டேன். ஊர் முழுவதற்கும் ஒரே பெயிண்டர்தான், வலது கைக்காரர். "பீச்சாங்கைக்காரன் எவனும் இந்தப் பக்கம் தலை காட்டல. வந்திருந்தா நானே புடிச்சு வெச்சிருப்பேன், எனக்கு இடுப்பு போயே போச்சு" என்று என் காதுக்குள் கத்தினார்.

டிரைவர் சரியாக எந்தத் தெருவில் பார்த்தாராம்? தாடி இருந்ததா? மெலிந்திருந்தாரா? கேட்டு உடனே எழுதுங்கள். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. கிடைத்துவிடுவார் என்று அவ்வளவு நம்பிக்கையோடு வந்தேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 27

கண்ணு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது.

அந்த டிரைவர் இப்போது வேறு பாதையில் ஓடுகிறாராம், பார்க்கவே முடியவில்லை. போனால் போகட்டும். நம் தெரு பால்காரரின் மச்சான் கல்குவாரிப் பக்கம் வேலை செய்கிறார். அங்கே ஓர் ஆள் இடது கையால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். தூரம்தான், பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஆனாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடு.

வீட்டில் உன் தட்டில்தான் நான் சாப்பிடுகிறேன். என்னுடையது நசுங்கிவிட்டது. நசுங்கியது என்று சும்மா சொல்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அத்தை

ஏப்ரல் 16

அத்தைக்கு,

சுகமா? கல்குவாரி ஊரிலிருந்து எழுதுகிறேன்.

இங்கே ஆண், பெண் எல்லோருக்கும் கல் உடைக்கிற சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. அதனால் கையாலேயே பேசுகிறார்கள். டீக்கடைக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை, ஆனால் அத்தனை பேரும் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்கும் கொஞ்சம் கைவந்துவிட்டது. தாடையை இரண்டு தடவை தட்டினால் 'பொய் சொல்லாதே' என்று அர்த்தம்.

அத்தை, இது போர்டே எழுதாத ஊர். தூசியில் பெயிண்ட் ஒட்டாது. எல்லாக் கடைப் பெயரும் கல்லில் வெட்டியது. இங்கே ஒரு போர்டு பெயிண்டர் எதைச் சாப்பிட்டுப் பிழைப்பார்? பால்காரரின் மச்சான் யார் என்று விசாரித்தேன். நம்மூர் ஆள் ஒருவரும் இங்கே இல்லை என்கிறார்கள்.

போர்டுகள் ஒரு பக்கம் கை காட்டுகின்றன, நீங்கள் இன்னொரு பக்கம் கை காட்டுகிறீர்கள். ஏன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. ஜங்ஷன் ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அங்கே இருப்பேன்.

மருமகள்

ஏப்ரல் 22

கண்ணு,

ஜங்ஷனுக்குப் போகாதே. களவாணிகள் நிறைந்த ஊர், தனியாகப் போகிற இடமில்லை. எனக்கு உடம்பு சரியில்லை, முட்டி வீங்கிவிட்டது. லீவு சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வா. தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் எங்கே போய்விடப் போகிறான்?

அத்தை

மே 4

அத்தைக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்ததும் பயந்துபோய்ப் பட்டறைக்குப் போன் போட்டேன். மேஸ்திரி எடுத்தார். "அவங்களா? மாடிக்கும் கீழுக்குமா கட்டுத் தூக்கிட்டு அலையுறாங்களே! கூப்பிடவா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

களவாணிகள் யாரையும் பார்க்கவில்லை. இந்த ஊரில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், அதனால் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. "எந்த வண்டி?" என்று மட்டும் கேட்கிறார்கள். வந்த வண்டியைச் சொல்லிவிட்டால் போதும், உட்கார இடம் கொடுத்துவிடுகிறார்கள். தாலி, மெட்டி, புருஷன், பிள்ளை என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு வருஷமாக எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டேஷன் வாசலிலிருந்து சந்தை வரைக்கும் எல்லாமே இடப்பக்க நிழல்தான். சைக்கிள் கடைப் போர்டில் பெயிண்ட் இன்னும் பளபள என்று இருக்கிறது. மாதக்கணக்கில் இங்கேயே இருந்திருக்கிறார். சைக்கிள் கடைக்காரர் முதலில் உற்சாகமாகத்தான் பேசினார். "தங்கமான கை. இப்ப ஆத்தோர ஊருக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு அங்கதானே சொந்தம்" என்றார்.

"யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?" என்றார். இந்த ஊரில் யாரும் கேட்காத கேள்வி. நான் பதில் சொல்வதற்குள், பஞ்சர் ஒட்ட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். வெகுநேரம் நின்றேன். அவர் வெளியே வரவேயில்லை.

அடுத்த வாரம் ஆற்றோர ஊருக்குப் போகிறேன்.

மருமகள்

மே 8

அம்மாடி,

அந்த ஊருக்கு மட்டும் போகாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். காரணம் கேட்காதே, திரும்பி வந்துவிடு.

மே 12

உங்கள் கடிதம் வந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் வந்தது.

ஆற்றோர ஊரில் வெள்ளம் வந்தால் போர்டைக் கழற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காகத் தகரத்தில் எழுதி வளையத்தில் மாட்டுகிறார்கள். சுவரில் எழுதுவது அபூர்வம். அதனால் மருந்துக் கடைச் சுவரில் ஒருவர் ஏணி போட்டு எழுதுவதைச் சின்னக் கூட்டமே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஏணியைக் கீழே ஒரு பெண் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். வெயிலில் முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு நிமிஷம் புடிச்சுக்கறீங்களா? தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள். பிடித்தேன். வேறு என்ன செய்வேன்?

"இவ்வளவு வெயில்ல நீங்களா புடிக்கணும்?" என்று கேட்டேன். சிரித்தாள். "சொந்தக்காரங்க எல்லாம் வயலுக்குப் போயிட்டாங்க. எங்க மாமியார் பிரசவத்துக்கு வரேன்னுதான் எழுதினாங்க. முட்டி வலியாம். இல்லேன்னா வந்திருப்பாங்க. வாராவாரம் கடுதாசி போடுவாங்க, தங்கமானவங்க" என்றாள்.

அவள் கடைக்குள் போனாள். அவர் கீழே பார்க்கவில்லை. கடைசி எழுத்துக்கு நிழல் தீட்டிக்கொண்டே பேசினார். "கை வலிக்குதா? வெயில்ல நிக்காதம்மா. ஏணி போனா போகுது, நீ போய் நிழல்ல உக்காரு." அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. என்னை ஏணி பிடிக்கச் சொன்ன நாட்களில் "ஆட்டாதே, பேசாதே" என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர எதுவும் கேட்டதில்லை.

ஏணி என் கையில் இருந்தது. அவர் இரண்டாள் உயரத்தில் இருந்தார். என் மனதில் அப்போது என்ன ஓடியது என்று உங்களுக்குச் சொல்லத்தான் போகிறேன், நீங்கள்தானே பெற்றவர். ஓர் உதை போதும் என்று நினைத்தேன். கால் தூக்கவில்லை, ஆனால் நினைத்தேன். ஏணி லேசாக ஆடியது. "பயப்படாத, நான் விழமாட்டேன்" என்றார், மேலேயிருந்தபடி, சிரித்துக்கொண்டே.

அவள் வாயைத் துடைத்தபடி வந்தாள். "கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று ஏணியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவர் செய்ததை விடுங்கள். என்னை உப்புக் காற்றிலும் கல்தூசியிலும் அலையவிட்டீர்களே, எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும்? அதை மட்டும் எழுதுங்கள். முட்டி எப்படி இருக்கிறது என்று இனி நான் கேட்கமாட்டேன்.

மே 19

கண்ணு,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நீ இந்த வேலையில் சேர்வதற்கு முன்பே தெரியும். பட்டறை விலாசத்துக்கு எழுதினான். நான் அவனைத் திட்டி எழுதினேன், தலை முழுகிவிட்டேன் என்று எழுதினேன். பிறகு அந்தப் பெண் எழுதினாள், வயிற்றில் பிள்ளை என்று. அவளுக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. பதில் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உன்னிடம் சொல்லத் தினமும் வாயெடுத்தேன். உறுதியாகத் தெரிந்த அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாயே, அதைப் படித்தபிறகு வாய் ஒட்டிக்கொண்டது. நீ தேடிக்கொண்டிருக்கும்வரை என் மருமகள். தேடி முடித்துவிட்டால் நீ எனக்கு யார்? அதற்காகத்தான் உப்பளம், அதற்காகத்தான் குவாரி. போர்டு எழுதாத ஊர் என்றுகூட விசாரிக்காமல் அனுப்பிய மடச்சி நான்.

மகன் போனதைத் தாங்கிக்கொண்டேன். நீ போனால் என்னால் முடியாது. நான் வேலை விட்டு வரும்போது 'இன்றைக்கு யாரோடு சண்டை?' என்று கேட்க இந்த வீட்டில் உன்னைத் தவிர யார் இருந்தார்கள்? மன்னிக்கச் சொல்லவில்லை. செய்ததற்கு அது பெரிய வார்த்தை.

அந்த ஏணியை நீ விடாமல் பிடித்தாய். அதற்கு நான் சாகும்வரை உனக்குக் கடன்பட்டவள்.

அத்தை

ஜூலை 3

கண்ணு,

போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதிலில்லை. நேற்று உன் அண்ணன் வந்து உன் பெட்டியைக் கேட்டார். எல்லாவற்றையும் மடித்து வைத்துக் கொடுத்தேன். அழவில்லை, மரியாதையாகத்தான் வழியனுப்பினேன். வாசல் தாண்டும்போது அவரே சொன்னார், நீ அங்கேயும் போகவில்லை என்று.

எங்கே இருக்கிறாய்? இதைக் கம்பெனி விலாசத்துக்குத்தான் போடுகிறேன். திரும்பி வா என்று கூப்பிடவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. மழையில் நனைந்ததில் இருமல் பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. இந்தத் தடவை நிஜமாகவே இருமல். நம்பாவிட்டால் மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கேள்.

அத்தை

ஜூலை 15

அத்தைக்கு,

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மிஷின் ஓட்டிக் காட்டுகிறேன். கோபம் மட்டும் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். உறுதியாகத் தெரிந்ததும் வருவேன் என்றேன், தெரிந்துவிட்டது, வரவில்லை என்று. பெட்டியைக் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மகனைத் தலை முழுகிவிட்டேன் என்றீர்களே, சொன்ன பேச்சை மீறியவர் இந்தக் குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

உங்களுக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எழுதிப் படித்தால் யாரோ மூன்றாம் மனுஷியைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. உங்களைத் திட்ட வேண்டுமென்றால் எதிரே உங்கள் முகம் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தெற்கே போகிற வழியில் நம்மூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறுகிறேன். ஒரு மத்தியானம் முழுக்க இருப்பேன். வாருங்கள். வீட்டுக்கு வருவாயா என்று இப்போதே கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. இருமலுக்கு மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். நான் கத்திக்கொண்டிருக்கும்போது நீங்கள் இருமினால் பாதியில் நிறுத்திவிடுவேன், அது எனக்கு வேண்டாம்.

தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நீங்களும் திருப்பித் திட்ட வேண்டும். உங்களைத் தனியாக விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினேனே, அதற்காவது திட்டுங்கள். நன்றாக, அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டுங்கள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தோம் என்றால், நான் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவேன்.